இசைத்தட்டுப் பெட்டியின் நோயும் மருந்தும்

இசைத்தட்டுப் பெட்டி சரிவரப் பாடாதபோது பெரும்பாலான வீடுகளில் முதலிற் கையில் எடுக்கப்படுவது திருப்புளி. நான்கு திருகாணிகள் கழற்றப்படும்; அடிப்பலகை திறக்கப்படும்; உள்ளே பின்னிக் கிடக்கும் கம்பிகளைக் கண்டு வீட்டார் திகைப்பர்; பின்னர் மூடுவர். மூடும்போது ஒரு திருகாணி மிஞ்சும். பெட்டியோ முன்பு எவ்வாறு பாடியதோ அவ்வாறே பின்பும் பாடும். நோய் இருந்த இடம் வேறு, கை வைத்த இடம் வேறு என்பதே இதற்குக் காரணம். இசைத்தட்டுப் பெட்டிக்கு வரும் குறைகளுள் மிகப் பல பெட்டிக்கு வெளியே, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. ஊசியில் இருக்கலாம், தட்டில் இருக்கலாம், பெட்டியை வைத்த மேசையில் இருக்கலாம்.

இதனைத் தெரிந்துகொள்வது பணச் செலவைக் குறைப்பதற்காக மாத்திரம் அன்று. வானொலிப் பெட்டி பழுதானால் கெடுவது அந்தப் பெட்டி ஒன்றே. நிலையத்திலிருந்து வரும் பாட்டுக்கு அதனால் ஊறு எதுவும் இல்லை. இசைத்தட்டுப் பெட்டி அத்தகையதன்று. அதன் பழுது தட்டையும் தொற்றும். தேய்ந்த ஊசியைக் கொண்டு ஒரு தட்டைப் பல முறை பாடவிட்டால், பின்னர் புதிய ஊசி மாட்டினாலும் அந்தத் தட்டு பழைய குரலிற் பாடாது. பெட்டிக்கு மாற்றாக வேறொரு பெட்டி வாங்கலாம். 1933ஆம் ஆண்டு மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் பதிந்த தட்டு ஒன்று வீட்டில் இருந்து, அது கீறுண்டு போனால், அதற்கு மாற்றை எந்தக் கடையிற் கேட்பது? இலங்கைத் தமிழ் வீடுகளில் அடுக்கடுக்காக இருந்த தட்டுகளுட் பல, போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் வீடுகளோடு போய்விட்டன. எஞ்சியவற்றை வைத்திருப்போர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியைப் பற்றிய ஐயம் நீங்கும்வரை நல்ல தட்டை அதன்மேல் வைத்தல் கூடாது. சோதனைக்கென்றே பெறுமதி குறைந்த தட்டு ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வைத்தியர் நாடி பிடிக்கும்போது சில வினாக்களைக் கேட்பார். இங்கும் அவ்வாறே இரண்டு வினாக்கள் உள. குறை ஒரு தட்டில் மட்டுந்தான் கேட்கின்றதா, எல்லாத் தட்டுகளிலும் கேட்கின்றதா என்பது முதலாவது. ஒரு தட்டில் மட்டும் என்றால் நோய் தட்டினுடையது. பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை. எல்லாத் தட்டுகளிலும் என்றால் நோய் பெட்டியினுடையது. குறை தட்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வருகின்றதா, ஓயாது கேட்கின்றதா என்பது இரண்டாவது. சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஒலித்தால் அது தட்டின் குறுக்கே விழுந்த கீறல். குரல் சுற்றுக்கு ஒருமுறை மேலேறிக் கீழிறங்கி அலைந்தால், தட்டு வளைந்திருக்கின்றது, அல்லது அதன் நடுத்துளை நடுவில் இல்லை. ஓயாத கரகரப்பு ஊசியையோ அழுக்கையோ சுட்டும். இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைத்தபின் செய்ய வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

இனி, தட்டு எவ்வாறு பாடுகின்றது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். தட்டின் விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை சுருண்டு செல்லும் ஒரே ஒரு வரிப்பள்ளம் இருக்கின்றது. பார்ப்பதற்குப் பல வட்டங்கள்போலத் தோன்றினும் அது முறியாத ஒற்றை வரி. நீண்ட நேரம் பாடும் தட்டின் ஒரு பக்கத்து வரியை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளும். பாடகரின் குரல் அவ்வரியின் இரு சுவர்களிலும் நெளிவாகப் பதிந்துள்ளது. ஊசி அவ்வரியில் ஓடும்போது நெளிவுக்கேற்ப அதிர்கின்றது. அவ்வதிர்வே பெருகி ஒலியாகின்றது. ஆகவே ஊசியின் நுனி வரியின் சுவர்களிற் சரியாகப் பொருந்தி நிற்றல் வேண்டும். எல்லாம் இந்தப் பொருத்தத்திலேயே தங்கியுள்ளது.

தட்டுகளில் இருபெரும் வகை உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை பழையவை. அவை பெரும்பாலும் அரக்கினாற் செய்யப்பட்டவை. அரக்குப் பூச்சியின் பிசினோடு கற்பொடி முதலியன சேர்த்து அழுத்தியவை. கையில் எடுத்தாற் கனக்கும். கீழே விழுந்தால் ஓடு போல உடையும். மேல்நாட்டில் 1950களின் இறுதியோடு இவ்வகை ஓய்ந்தது; இந்தியாவில் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வந்தன. மற்றவை வினைல் என்னும் பிளாஸ்ரிக்கினாற் செய்யப்பட்டவை. 1948இல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே மூன்றிலொரு முறை சுழலும் நெடுந்தட்டும், 1949இல் 45 முறை சுழலும் சிறு தட்டும் அமெரிக்காவில் வெளிவந்தன. இவ்விரு வகைக்கும் வேகம் மாத்திரம் அன்று, வரியின் அகலமும் வேறு. அரக்குத் தட்டின் வரி அகன்றது. அதற்குரிய ஊசியின் நுனி ஆரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. நெடுந்தட்டின் வரி ஒடுங்கியது. அதற்குரிய ஊசியின் நுனி ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் சிறிது.

வீடுகளிற் கேட்கும் முறைப்பாடுகளிற் பல இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். பழைய 78 தட்டு பாடும்போது இரைச்சல் மிகுந்து குரல் அடியில் அமுங்கிக் கிடக்கின்றது என்றால், பெரும்பாலும் நெடுந்தட்டுக்குரிய சிற்றூசி அகன்ற வரியின் அடித்தளத்திற் புரண்டு, அங்கே தங்கிய தூசியையும் தேய்மானத்தையும் பாடிக்கொண்டிருக்கின்றது என்பதே பொருள். தக்க ஊசியை மாட்டினால், பயனற்றது என்று ஒதுக்கிய தட்டே தெளிவாகப் பாடும். மறுதலையாக, அகன்ற ஊசியை நெடுந்தட்டில் வைத்தால் அது வரியினுள் இறங்காமல் விளிம்புகளை உரசி அழித்துவிடும். பழைய பெட்டிகள் பலவற்றில் ஊசியின் அருகே திருப்பும் சிறு பிடி ஒன்று இருக்கும். ஒரு பக்கம் 78 என்றும் மறுபக்கம் நெடுந்தட்டு என்றும் குறித்திருக்கும். அப்பிடி தவறான பக்கம் திரும்பியிருப்பதை அறியாமல் பெட்டியையே மாற்றியோரும் உண்டு.

ஊசியின் தேய்வைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுதல் தகும். நீலக்கல் நுனி கொண்ட ஊசி சில பத்து மணித்தியாலங்களுக்கே தாங்கும். வைர நுனி கொண்டது, செப்பமும் கவனிப்பும் நன்றாயின், 500 முதல் 1,000 மணித்தியாலம்வரை தாங்கும். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்கும் வீட்டில் வைர ஊசி ஓரிரண்டு ஆண்டுகளில் மாற்றத்துக்கு வந்துவிடும் என்பது இதன் கருத்து. வைரம் தேயுமோ என்று வியப்போர் உண்டு. தேயும், தேயும்போது உருண்டை நுனியின் இருபுறமும் தட்டையாகி, ஓரங்கள் உளி போலக் கூராகும். அந்த உளி வரியின் சுவர்களைச் செதுக்கிக்கொண்டே செல்லும். தேய்வை வெறுங்கண்ணாற் காண இயலாது. செவியே இங்குத் துணை. பாட்டின் தொடக்கத்தில் ஒலி தெளிவாக இருந்து, தட்டின் நடுவை நெருங்குந்தோறும் ‘ச’கரமும் தாளத்தின் கூரிய ஒலியும் சிதறிக் கரகரத்தால் ஊசி தேய்ந்திருக்கலாம் என ஐயுறலாம். நெடுந்தட்டின் வெளிவட்டத்தில் ஊசி செக்கனுக்கு ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் தூரம் ஓடுகின்றது. உள்வட்டத்தில் 20 சென்ரிமீற்றர் அளவே. அதே ஒலி அங்குக் குறுகிய இடத்தில் நெருங்கிப் பதிந்திருப்பதால், தேய்ந்த நுனியால் அந்நெளிவுகளைப் பின்பற்ற முடிவதில்லை. ஊசி எத்தனை காலம் உழைத்தது என்று தெரியாவிட்டால், யாரிடமிருந்தோ வந்த பழைய பெட்டியாயின், கேள்வியின்றி மாற்றிவிடுதலே உத்தமம்.

ஊசி தேயாமல் அழுக்கு மாத்திரம் சேர்ந்திருப்பதும் உண்டு. தட்டின் தூசி நுனியிற் பஞ்சு போலத் திரளும். ஒலி மங்கி, ஊசி வழுக்கும். மெல்லிய தூரிகையினால் பின்புறமிருந்து முன்புறமாக, அதாவது தட்டு ஓடும் திசையிலேயே, மெதுவாகத் துடைத்தல் வேண்டும். எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ இழுத்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். விரலாற் தட்டிப் பார்க்கும் பழக்கம் அறவே கூடாது.

தட்டு ஒரே இடத்தில் நின்று ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பாடும் குறையை அறியாதார் இலர். சிறுவர்க்கு அது வேடிக்கை. வரியில் ஒட்டிய அழுக்கு, ஆழமான கீறல், மேசையின் சாய்வு, ஊசிக்கையின் பாரம் குறைதல், கையின் சுழற்சி இறுகுதல் ஆகியவற்றுள் ஒன்று அதற்குக் காரணமாகலாம். இதற்கு மருந்தாகப் பலர் ஊசிக்கையின் தலையில் ஒரு நாணயத்தை வைக்கின்றனர். ஊசி தாவாமல் ஓடுவதும் உண்மையே. ஆயினும், இக்காலத்துக் காந்தவகைப் பிக்கப் ஒன்றுக்கு வேண்டிய பாரம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான். பழைய படிகவகை, பீங்கான்வகைப் பிக்கப்புகளுக்கு ஐந்தாறு கிராம். சில கிராம் நிறையுள்ள நாணயத்தை அதன்மேல் ஏற்றினால் பாரம் இரண்டு மூன்று மடங்காகும். தாவிய இடத்தை அது கடந்து செல்லும். ஆனால், கடந்து வந்த வரி முழுவதையும் உழுதுவிட்டே செல்லும்.

பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ணுவதும் தவறேயாகும். பாரம் போதாத ஊசி வரியின் சுவர்களைப் பற்றி ஓடாமல், மேலெழுந்து மேலெழுந்து விழும். ஒவ்வொரு விழுக்காடும் சுவரிற் குத்தும். பிக்கப்பைச் செய்தோர் குறித்த பாரத்தையே வைத்தல் வேண்டும். அதனை அளக்கச் சிறு தராசுகள் விற்பனைக்கு உள. நகைக்கடைத் தராசு போன்ற, கிராமின் பத்திலொரு பங்கு காட்டும் சிறு மின்தராசும் உதவும். ஆனால் நிறுக்கும்போது ஊசி, தட்டு இருக்கும் மட்டத்திலேயே தராசின்மேல் நிற்றல் வேண்டும். மேசையின் சாய்வைப் பார்க்க, கொத்தனாரின் இரசமட்டத்தைச் சுழல்மேடையில் வைத்தாற் போதும்.

1958ஆம் ஆண்டளவில் இரட்டை ஒலித் தட்டுகள், அதாவது ஸ்ரீரியோத் தட்டுகள், பரவலாயின. அவற்றில் ஊசி பக்கவாட்டில் மாத்திரமன்றி மேலும் கீழும் அசைய வேண்டும். அதற்கு முந்திய பெட்டிகளின் ஊசி மேலும் கீழும் அசையாது விறைத்து நிற்கும். ஆதலின், பழைய பெட்டியில் ஸ்ரீரியோத் தட்டைப் பாடவிடுதல் தட்டை அழிப்பதாகும். அவ்வாறே, கையாற் சாவி கொடுக்கும் கிராமபோனில் வினைல் தட்டு எதனையும் வைத்தல் ஆகாது. அதன் ஒலிப்பெட்டியின் பாரம் 100 கிராமுக்கும் மேற்பட்டது.

அடுத்து வேகம். பாட்டு இழுபட்டு, பெண்ணின் குரல் ஆணின் குரல்போலக் கேட்டால், முதலில் வேகப்பிடி எந்த எண்ணில் நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும். பிடி சரியாக இருந்தும் வேகம் பிழைத்தால் அளந்து பார்த்தல் எளிது. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியை அடையாளமாக வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுக. நெடுந்தட்டு மூன்று நிமிடங்களிற் சரியாக 100 முறை சுழல வேண்டும். இன்னும் நுட்பமாக அளக்க, வரிகள் அச்சிட்ட வட்டக் கடதாசி ஒன்று உண்டு. செக்கனுக்கு 50 சுழற்சி கொண்ட இலங்கை மின்சாரத்தில் நெடுந்தட்டு வேகத்துக்கு 180 வரிகளும், 78 வேகத்துக்கு 77 வரிகளும் வேண்டும். மின்விளக்கின் கீழே அவ்வரிகள் அசையாது நிற்பதுபோலத் தோன்றினால் வேகம் சரி. இழை மின்குமிழ் அல்லது நியோன் விளக்கின் கீழ்தான் இது பலிக்கும். இக்காலத்து எல்ஈடி குமிழ்கள் பலவற்றின் ஒளியில் அத்தகைய துடிப்பு இல்லை.

இங்கு இலங்கை வீடுகளுக்கே உரிய இடர் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். கனடாவில் வாழும் உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் பெட்டிகள் உள. அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ற், செக்கனுக்கு 60 சுழற்சி. இலங்கையில் 230 வோல்ற், 50 சுழற்சி. நேரே மாட்டினாற் பெட்டி கருகும் என்பது பலர்க்குத் தெரியும். ஆகவே வோல்ற்றைக் குறைக்கும் மாற்றி ஒன்றை வாங்கி இடையில் வைப்பர். மாற்றி வோல்ற்றைக் குறைக்கும்; சுழற்சியை மாற்றாது. மின்சாரத்தின் சுழற்சியையே பின்பற்றி ஓடும் பழைய மோட்டர், அப்போது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். நெடுந்தட்டு நிமிடத்துக்கு 28 முறைக்கும் சற்றுக் குறைவாகச் சுழலும். ஐந்து கட்டைச் சுருதியிற் பாடியவர் மூன்று கட்டையிற் பாடுவதுபோலக் கேட்கும். பெட்டி பழுது என்று எண்ணி மோட்டரைக் கழற்றுவதில் யாதொரு பயனும் இல்லை. அப்பெட்டிக்கு 50 சுழற்சிக்குரிய பருத்த கப்பி கிடைக்குமாயின் மாட்டலாம். புதிய பெட்டிகளிற் பல நேர்மின்னோட்ட மோட்டர் கொண்டவை. அவற்றுக்கு இவ்விடர் இல்லை. தரும் கைகளை வாங்குமுன், பெட்டியின் அடியில் ஒட்டிய தகட்டைப் படிக்கச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் எல்லோர்க்கும் நன்று.

வேகம் மெல்லமெல்லக் குறைவதற்கும் நடுங்குவதற்கும் மற்றொரு காரணம் இறப்பர். மோட்டரின் ஓட்டத்தைச் சுழல்மேடைக்குக் கொண்டுசெல்வது சில பெட்டிகளில் இறப்பர்ப் பட்டி. சிலவற்றில் இறப்பர் விளிம்புள்ள சிறு சக்கரம். வெப்ப நாட்டில் இறப்பர் விரைவில் மூப்படையும். பட்டி தளரும், வெடிக்கும், சிலவேளை தார் போல இளகிக் கப்பியில் ஒட்டும். சக்கரம் கண்ணாடி போல மினுங்கி வழுக்கும். இயக்கத்தில் விட்டபடியே பல மாதம் வைத்திருந்தால் கப்பி அழுத்திய இடம் பள்ளமாகி, ஓடும்போது ‘தொம், தொம்’ என்று ஒலி எழும். மினுங்கிய விளிம்பை மதுசாரம் தோய்ந்த துணியினால் துடைத்தால் பிடிப்பு மீளும். பள்ளம் விழுந்த சக்கரத்தையும் தளர்ந்த பட்டியையும் மாற்றவே வேண்டும். அவற்றில் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது. எண்ணெய் வேண்டுவது மோட்டரின் அச்சிலும் மேடையின் அச்சிலும்; அதுவும் தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லெண்ணெய் ஓரிரு துளி. வீட்டில் இருக்கின்றது என்பதற்காகத் தேங்காய் எண்ணெயை விடுவோர், நுவரெலியாவின் காலைக்குளிரில் அந்த எண்ணெய் போத்தலில் உறைந்து நிற்பதை நினைத்துப் பார்ப்பாராக. உறையாத இடத்திலும் நாளடைவிற் பிசினாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஒலியே எழாதிருத்தல், ஒரு பக்க ஒலிபெருக்கி மாத்திரம் பாடுதல், ஓயாத ரீங்காரம் ஆகியன மின்தொடர்பின் குறைகள். பிக்கப்பின் பின்புறம் மெல்லிய நான்கு கம்பிகள் சிறு ஊசிமுனைகளிற் செருகப்பட்டிருக்கும். ஒன்று கழன்றால் ஒரு பக்கம் ஊமையாகும். ஒலிபெருக்கிக்குச் செல்லும் இடவல இணைப்புகளை ஒருமுறை மாற்றிச் செருகிப் பார்த்தால், ஊமைத்தன்மை பக்கம் மாறுகின்றதா என்பதிலிருந்து குறை பெட்டியிலா அதற்கு அப்பாலா என்பது விளங்கும். ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் நிலத்தொடுப்புக் கம்பி கழன்றிருத்தலே காரணம். ஒலி வருகின்றது, ஆயினும் மிக மெலிந்து, அடிநாதமின்றிக் கீச்சிடுகின்றது என்றால், காந்தவகைப் பிக்கப்பை வானொலிப் பெட்டியின் பொது வாயிலில் மாட்டியிருக்கின்றனர் என்று துணியலாம். அதன் மின்னோசை ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் நாலைந்து பங்கே. இடையில் அதற்குரிய முன்பெருக்கி வேண்டும். பீங்கான்வகைக்கு அது வேண்டியதில்லை.

படிகவகைப் பிக்கப் பற்றிய ஒரு செய்தி நேயர் பலர்க்குப் புதிதாகலாம். பழைய பெட்டிகளிற் பிக்கப்பினுள்ளே இருந்தது உரோசெல் உப்பு என்னும் படிகம். அது ஈரத்தை உறிஞ்சிக் கெடும், வெப்பத்திலும் அழியும். மேல்நாட்டு வீட்டில் நெடுங்காலம் உழைக்கும் பொருள் கொழும்பின் புழுக்கத்தில் அவ்வாறு உழைப்பதில்லை. பல ஆண்டுகள் பரணிற் கிடந்த பெட்டி சுழல்கின்றது, குமிழ் எரிகின்றது, ஒலி மட்டும் இல்லை என்றால், உப்பு கரைந்துபோன அந்தப் பிக்கப்பையே முதலிற் சந்தேகித்தல் தகும். அதற்கு ஈடாகப் பீங்கான்வகையை மாட்டலாம்.

பெட்டியை ஒலிபெருக்கியின் தலைமேல் வைப்பதும் ஒரு பொதுக்குறை. ஒலிபெருக்கியின் அதிர்வு ஊசிக்கு ஏறி, ஊசியின் அதிர்வு மீண்டும் ஒலிபெருக்கிக்குச் சென்று, ஊளையாக முடியும். இரண்டையும் பிரித்து வைத்தால் ஊளை நிற்கும்.

சாவி கொடுக்கும் கிராமபோன் இன்றும் சில வீடுகளில் அலங்காரமாக நிற்கின்றது. அதனைப் பாடவைக்க விரும்புவோர் உருக்கு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுதல் வேண்டும். இது கடைக்காரர் தம் வியாபாரத்துக்காகச் சொன்ன கதை அன்று. அரக்கிற் கலந்த கற்பொடி, உருக்கு நுனியை அந்த மூன்று நான்கு நிமிடங்களிலேயே உரைத்துத் தட்டையாக்கிவிடும். பாட்டின் இடையே ‘தடக்’ என்று பெட்டி குலுங்கினால், உள்ளிருக்கும் சுருள்வில்லின் மசகு காய்ந்து, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி விடுபடுகின்றன. அவ்வில் இறுகிய நிலையில் இருக்கும் உருளையை வீட்டிற் திறத்தல் பேராபத்து. பாய்ந்து விரியும் உருக்குப் பட்டை கையை வெட்டும். மின்சாரப் பெட்டிகளிலும் இத்தகைய எச்சரிக்கை ஒன்று உண்டு. வால்வு கொண்ட பழைய பெட்டிகள் சிலவற்றில் உலோகச் சட்டமே நேரடியாக மின்சாரத்தோடு தொடுக்கப்பட்டிருக்கும். செருகியைக் கழற்றிய பின்னும் சில உறுப்புகளில் மின்சாரம் தங்கி நிற்கும். அடிப்பலகையைத் திறக்கும் வேலை அதனை அறிந்தவர்க்கே உரியது.

தட்டைச் சுத்தம் செய்வதில் ஒரு தவறு நேர்ந்தால் மீள வழியில்லை. வினைல் தட்டை மதுசாரம் சிறிது கலந்த நீராற் துடைக்கலாம். அதே நீரை அரக்குத் தட்டில் இட்டால் அரக்கு கரையும். தட்டின் மினுக்கம் போவதோடு குரலும் போகும். தச்சர் மரத்துக்கு மெருகிட அரக்கை எதிற் கரைக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தாற் போதும். 78 தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரும், அதில் ஓரிரு துளி மென்மையான சவர்க்கார நீருமே ஏற்றவை. நடுவில் ஒட்டிய கடதாசியை நனையாமற் காத்து, வரியின் போக்கிலேயே மென்துணியாற் துடைத்து, உடனே உலர்த்துதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் எந்தத் தட்டுக்கும் ஆகாது. சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறும் அந்நீர் காய்ந்தால் வரியினுள் வெண்படிவு தங்கும். சோறு பொங்கிய பானையில் தெரிவது தட்டிலும் தெரியும். வாகனப் பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கும் வடித்த நீர் மலிவாகவே கிடைக்கும்.

தட்டுகளைப் புத்தகம்போல நிமிர்த்தி அடுக்குதல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினால் வினைல் வளையும், அரக்கு வெடிக்கும். யன்னல் வெயிலும் நிறுத்தி வைத்த மோட்டர் வாகனத்தின் உட்புறமும் வினைலுக்குப் பகை. மாரிகாலத்தில் உறையிலும் வரியிலும் பூஞ்சணம் பூக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமற் சற்று விலக்கி வைத்து, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுதல் நன்று.

திருத்துனரிடம் செல்ல நேர்ந்தால் பெட்டியை மட்டும் தூக்கிச் செல்லாமல், குறையைக் காட்டும் சோதனைத் தட்டையும் கொண்டுசெல்க. ‘பாட்டு நல்லாயில்லை’ என்பதைவிட, ‘எல்லாத் தட்டிலும் வலப்பக்கம் பேசவில்லை, இணைப்பை மாற்றினாலும் மாறவில்லை’ என்று கூறினால் அவர் வேலை எளிதாகும். கழற்றிய பழைய ஊசியையும் பட்டியையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் நலம். அடுத்த முறை அளவு பார்க்க அவை உதவும்.

கடைசியாக ஒரு வகைத் தட்டு உண்டு. அது கடையில் விற்றதன்று. ஒலிபரப்பு நிலையங்களிலும் பதிவுக் கூடங்களிலும், ஒலிநாடா பரவுமுன், அலுமினியத் தகட்டின்மேல் மென்மையான கரும்பூச்சுப் பூசி அதில் நேரடியாகவே குரலைச் செதுக்கினர். நிலையத்திற் பாடியவர், நாடகத்தில் நடித்தவர், பேச்சாற்றியவர் வீடுகளில் இத்தகைய தட்டு ஒன்று எங்கேனும் அகப்படலாம். அச்சிட்ட பெயர்த்தாளுக்குப் பதிலாகக் கையெழுத்துக் குறிப்பு ஒட்டியிருக்கும். நடுத்துளையின் ஓரத்தில் அலுமினியம் வெள்ளையாகத் தெரியும். மேலே மெழுகு படிந்ததுபோல வெண்மாசு தோன்றும். அம்மாசு பூஞ்சணம் அன்று. பூச்சிற் கலந்த எண்ணெய் காலத்தாற் சிதைந்து வெளியேறுவது. பூச்சு மெல்லச் சுருங்கி ஒருநாள் வெடித்து உரியும். இத்தட்டிற் பதிந்த குரல் பெரும்பாலும் உலகில் வேறெங்கும் இராது. அதனைத் துடைக்காமல், தூய கடதாசி உறையில் இட்டு, நிமிர்த்தி வைத்து, பழைய ஒலிப்பதிவுகளைப் படியெடுக்கும் பயிற்சி உள்ளவரிடம் விரைவிற் சேர்ப்பித்தல் வேண்டும். வீட்டுப் பெட்டியில், என்ன இருக்கின்றது என்று பார்ப்பதற்காகவேனும், அதன்மேல் ஒருமுறைகூட ஊசியை வைத்தல் கூடாது.